உடம்புக்கேற்ற தொட்டி, ஊருக்கேற்ற தண்ணீர்

சிறுசேரி சிப்காட்டை நம்பி நாவலூர், ஏகாட்டூர், படூர், கேளம்பாக்கம் என்று ஓஎம்ஆர் நெடுக எழுந்த அடுக்குமாடிகளில் பலவற்றுக்கு இப்போது பத்து, பதினைந்து வயது. அது ஆறு வழிச் சாலையாக 2008ல் திறந்த சூட்டோடு, வங்கிக் கடன் போட்டு வாங்கிய வீடுகள். ஹாலுக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்தாகிவிட்டது. சமையலறை மாடுலர் கிச்சனாக மாறிவிட்டது. இப்போது குளியலறையின் முறை. கீழ்வீட்டுக் கூரையில் ஈரத் திட்டு, கண்ணாடித் தடுப்பில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படலம், உப்பு அடைத்துப் பாதித் துளைகளில் மட்டும் தண்ணீர் வரும் ஷவர். மேஸ்திரியை வரவழைத்து, டைல்ஸை உடைப்பது என்று முடிவாகும் அன்று வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: “இவ்வளவு செலவு பண்றோம், ஒரு பாத்டப் போட்டுட்டா என்ன?”

தாராளமாகப் போடலாம். ஆனால் ஷோரூமில் பளபளப்பைப் பார்த்து மயங்கி, தொட்டியை வாங்கிய பிறகு அதற்கு இடம் தேடுவது தலைகீழ் வேலை. அதில் இறங்கப்போகும் உடம்பு, அதை நிரப்பப்போகும் தண்ணீர், அதைச் சுமக்கப்போகும் தளம் ஆகிய மூன்றையும் அளந்த பிறகுதான் கடைப் படி ஏற வேண்டும். தென்சென்னைப் புறநகரில் இந்த மூன்றுக்கும் தனித்தனிக் கதை உண்டு.

தண்ணீரில் அமிழ்ந்து கிடப்பது இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. ஐடி பூங்கா வருவதற்கு முன் இவையெல்லாம் ஏரியும் கிணறும் வயலுமாக இருந்த ஊர்கள். மோட்டார் கொட்டகையை ஒட்டி ஒரு சிமென்ட் தொட்டி இருக்கும். குழாயிலிருந்து தண்ணீர் பிடரியில் மொத்தென்று விழ, கழுத்தளவு நீரில் குந்தியிருப்பதன் சுகம் தமிழ்நாட்டின் எந்த வட்டாரத்துக்காரருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பம்ப்செட் தொட்டியை இன்றைய விலைப்பட்டியல் மொழியில் எழுதினால் இப்படி வரும்: நீளம் குறைவு, ஆழம் அதிகம், நிமிர்ந்து உட்காரலாம், வழிந்த நீர் வீணாகாமல் வாய்க்காலுக்குப் போகும். தொட்டி வாங்கப் போகிறவர்கள் இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஷோரூமில் கண்ணைப் பறிக்கும் மாடல்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானவை.

நீளம் என்னும் பொறி

கடைகளில் கிடைக்கும் அளவுகள் சுற்றிச்சுற்றி ஐந்தடி, ஐந்தரையடி, ஆறடிதான். மில்லிமீட்டரில் 1500, 1700, 1800. இவை மேலை நாட்டு உடல்வாகையும் குளியலறையையும் ஒட்டிப் பழகிப்போன அளவுகள். இந்தியப் பெண்களின் சராசரி உயரமோ ஐந்தடியை ஒட்டியது. ஐந்தடி உயரமுள்ள ஒருவர் ஆறடித் தொட்டியில் சாய்ந்தால் பாதம் மறுமுனையை எட்டாது. எட்டாத பாதம் மிதக்கும். இடுப்பு மெல்ல வழுக்கி முன்னே போகும், முகவாய் தண்ணீருக்குள் இறங்கும். அதைத் தடுக்கக் கழுத்தும் கையும் விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். சுகத்துக்காக இறங்கியவர் கால் மணி நேரத்தில் தோள்வலியோடு எழுந்து வருவார்.

பெரிய தொட்டி என்றால் பெரிய சுகம் என்ற கணக்கு இங்கேதான் உடைகிறது. உள்ளங்கால் எதிர்ச் சுவரில் பதிந்து, முழங்கால் லேசாக மடங்கி, முதுகு முழுவதும் சாய்மானத்தில் ஒட்டியிருக்க வேண்டும். அதற்குப் பார்க்க வேண்டியது தொட்டியின் வெளி நீளத்தை அல்ல, அடித்தளத்தின் உள் நீளத்தை. 1700 என்று எழுதிய தொட்டியில் இரு பக்கச் சரிவும் விளிம்பும் போக அடியில் மிஞ்சுவது 1200 சொச்சம்கூட இருக்கலாம். ஒரே வெளி அளவுள்ள இரண்டு மாடல்களில் இந்த உள் நீளம் ஒரு சாண் வரை வேறுபடும்.

அடுத்தது ஆழம். விளம்பரத்தில் 580, 600 மில்லிமீட்டர் உயரம் என்று போட்டிருக்கும். அது தரையிலிருந்து விளிம்பு வரை உள்ள உயரம். தண்ணீர் நிற்பதோ ஓவர்ஃப்ளோ துளை வரைக்கும்தான். அடிப்பாகத்திலிருந்து அந்தத் துளையின் கீழ் விளிம்பு வரை டேப் வைத்து அளந்தால் சில மாடல்களில் 35 சென்டிமீட்டர்கூடத் தேறாது. படுத்தால் வயிறும் முழங்காலும் வெளியே நிற்கும். 40 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நீர் நிற்கும் தொட்டியில்தான் தோள் நனையும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க ஒரே வழி, கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் தொட்டிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி உட்கார்ந்து பார்ப்பது. சேலை கட்டியவரும் வேட்டி கட்டியவரும் கூச்சப்படாமல் செய்ய வேண்டிய காரியம் இது. பைக் வாங்கும்போது ஓட்டிப் பார்க்கிறோம், மெத்தை வாங்கும்போது படுத்துப் பார்க்கிறோம், வருடக்கணக்கில் இருக்கப்போகும் தொட்டியில் மட்டும் உட்காராமலேயே முன்பணம் கட்டுகிறோம். வீட்டில் அதை அதிகம் பயன்படுத்தப் போகிறவர் யாரோ அவரே உட்கார வேண்டும். தம்பதியாக இருந்தால் உயரம் குறைந்தவருக்கு எது பொருந்துகிறதோ அதுவே சரி. உயரமானவர் முழங்காலை மடக்கிக்கொள்ளலாம், குள்ளமானவர் காலை நீட்டிக்கொள்ள முடியாது.

வீட்டில் மாமியார், மாமனார், அறுபதைத் தாண்டிய அப்பா, அம்மா இருந்தால் விளிம்பின் உயரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நடு அறையில் தனியாக நிற்கும் முட்டை வடிவத் தொட்டி படத்தில் அழகு. ஆனால் அதன் விளிம்பு மெல்லியது, உயரமானது, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாதது. சுவரோரமாகப் பதித்து, சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குக் கல் மேடை கட்டிய தொட்டியில் முதலில் மேடையில் உட்கார்ந்து, பிறகு காலை ஒவ்வொன்றாக உள்ளே திருப்பலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் வாழும் வீட்டுக்குத் தனித்து நிற்கும் தொட்டியைச் சிபாரிசு செய்வது தவறு. கதவு வைத்த தொட்டியும் சந்தையில் இருக்கிறது. ஆனால் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் நிரப்ப வேண்டும், முழுதும் வடிந்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். அதுவரை ஈர உடம்போடு காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கழிப்பறையும் சேர்ந்த குளியலறைக்குத் தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்லும் குறைந்தபட்சப் பரப்பு 2.8 சதுர மீட்டர், அதாவது சுமார் 30 சதுர அடி. ஐந்தரைக்கு இரண்டரை அடித் தொட்டி ஒன்றே கிட்டத்தட்ட 14 சதுர அடியை விழுங்கும். எட்டுக்கு ஐந்து குளியலறையில் ஐந்தடிப் பக்கச் சுவரோரம் 1500 தொட்டி உட்கார்ந்துவிடும், அதற்கு மேல் ஆசைப்பட்டால் வாஷ்பேசின் வெளியேற வேண்டியிருக்கும். குளியலறைக் கதவின் அகலத்தையும் லிஃப்டின் உயரத்தையும் அளக்க மறந்து, தொட்டியைப் படி வழியாகப் பத்து மாடி தூக்க ஆள் தேடுவது வீண் அலைச்சல்.

தண்ணீர்க் கணக்கு

ஒரு தொட்டிக்கு எத்தனை லிட்டர்? கேட்டலாகில் 220 என்று இருந்தால், அது ஆள் இல்லாமல் ஓவர்ஃப்ளோ வரை நிரம்பும் அளவு. 65 கிலோ எடையுள்ளவர் முழுக அமிழ்ந்தால் ஏறக்குறைய 65 லிட்டர் நீரின் இடத்தை அவர் உடம்பே எடுத்துக்கொள்ளும். ஆக ஊற்ற வேண்டியது 155. பேச்சுக்கு 150 என்று வைத்துக்கொள்வோம்.

பக்கெட்டில் மொண்டு குளித்தால் இரண்டு பக்கெட், 40 லிட்டருக்குள் முடிந்துவிடும். ஷவரில் பத்து நிமிடம் நின்றால் 80, 100 ஆகும். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, துவைக்க, குளிக்க எல்லாம் சேர்த்து 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர்த் திட்டக் கையேடு வைத்திருக்கும் அளவுகோல். ஒரு தொட்டிக் குளியல் அந்த ஒரு நாள் பங்கைத் தாண்டுகிறது.

சிறுசேரியில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. 2011 விரிவாக்கத்தில் சென்னை மாநகராட்சி எல்லை செம்மஞ்சேரியோடு நின்றது. நாவலூரும் சிறுசேரியும் அதற்கு அப்பால், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்களாக இருந்துவிட்டன. இங்கே குடியிருப்புகளின் உயிர் ஆழ்துளைக் கிணற்றிலும் லாரித் தண்ணீரிலும்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 2019 ஜூனில் சென்னையின் குடிநீர் ஏரிகளான புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நான்கும் கிட்டத்தட்ட வறண்டு பாளம் பாளமாக வெடித்தபோது, ஓஎம்ஆர் ஐடி நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் சுமந்துகொண்டு முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்தக் கோடையைப் பார்த்த யாரும் தண்ணீர் இருக்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் தொட்டி வாங்க மாட்டார்கள்.

கடல்நீர் நம்மைக் காப்பாற்றும் என்ற எண்ணத்துக்கும் ஒரு விலை உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலியில் 2013ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலையும், 2024ல் 15 கோடி லிட்டர் ஆலையும் திறக்கப்பட்டன. இத்தகைய ஆலைகளில் ஆயிரம் லிட்டர் நன்னீர் எடுக்க மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும். ஒரு தொட்டித் தண்ணீர் உப்பைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்கு முன்பே அரை யூனிட்டைத் தின்றிருக்கும்.

இப்போது ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்று பேர், தினமும், தனித்தனியாகத் தொட்டியை நிரப்பிக் குளித்தால் மாதம் 13,500 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்றையும் தாண்டுகிறது. அதே மூவர் வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை மட்டும், ஒரே தண்ணீரில் ஒருவர் பின் ஒருவராக இறங்கினால் மாதம் 600 லிட்டர். ஆளுக்கு ஒரு தடவைக்கு 50 லிட்டர், பக்கெட் குளியலுக்கு மிக அருகில்.

ஒருவர் குளித்த தண்ணீரிலா என்று முகம் சுளிக்க வேண்டாம். ஜப்பான் வீடுகளில் தலைமுறைகளாக நடப்பது இதுதான். முதலில் வெளியே சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்பு போட்டு, அழுக்கு போகக் கழுவிக்கொள்வார்கள். சுத்தமான உடம்போடு மட்டுமே தொட்டியில் இறங்குவார்கள். குடும்பம் முழுக்க ஒரே தண்ணீர். நம் கோயில் குளமும் பம்ப்செட் தொட்டியும்கூடப் பல பேர் இறங்கிய நீர்தான்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் உள்ள வீடுகளுக்கு இந்த முறை கட்டாயம் என்றே சொல்ல வேண்டும். நல்லெண்ணெய் தேய்த்த உடம்போடு அக்ரிலிக் தொட்டியில் கால் வைப்பது ஆபத்து. அந்த வழவழப்பில் எண்ணெய் சேர்ந்தால் பிடி என்பதே இருக்காது. சீயக்காய் கசடும் எண்ணெயும் வடிகால் வாயில் சேர்ந்து பிசினாக அடைத்துக்கொள்ளும். ஆகவே தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து குளிக்க மூன்றுக்கு மூன்றடி ஈர இடமும், ஒரு ஹேண்ட் ஷவரும், தனியாக ஒரு வடிகாலும் விட்டுத்தான் திட்டம் போட வேண்டும். சீயக்காய் வைத்து அலசிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் அமிழ்ந்தால் வாரம் முழுக்கக் கணினி முன் கூனிய முதுகுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

கீசர் எத்தனை தடவை?

தொட்டி வாங்கியவர்கள் முதல் வாரத்தில் சந்திக்கும் ஏமாற்றம் பெரும்பாலும் தொட்டியில் இல்லை, கீசரில் இருக்கிறது. நம் வீடுகளில் உள்ளது பெரும்பாலும் 15 லிட்டர் கீசர். 28 டிகிரியில் வரும் குழாய் நீரோடு, 60 டிகிரிக்குக் காய்ந்த கீசர் நீரைக் கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அந்த 15 லிட்டரால் கிடைப்பது வெறும் 40 லிட்டர் வெதுவெதுப்பான நீர். 150 லிட்டருக்கு நான்கு தடவை கீசர் காய வேண்டும். 2 கிலோவாட் கீசர் ஒரு தடவை காய ஏறக்குறைய 17 நிமிடம். நான்காவது தடவை காய்ந்து முடிவதற்குள் முதலில் ஊற்றியது ஆறத் தொடங்கியிருக்கும். 25 லிட்டர் கீசரானால் இரண்டேகால் தடவை, 50 லிட்டரானால் ஏறக்குறைய ஒரே மூச்சு. மின்சாரச் செலவு எப்படிப் பார்த்தாலும் இரண்டு யூனிட்டை ஒட்டி வரும். அது பெரிய தொகை இல்லை, ஆனால் கீசர் மாற்றும் செலவைத் தொட்டியின் விலையோடு சேர்த்தே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆனால் சென்னையில் வெந்நீர் தேவைப்படுவது ஆண்டில் எத்தனை மாதம்? மார்கழி, தை, அடைமழைக் காலத்தில் சில நாட்கள். 2003 மே மாத இறுதியில் 45 டிகிரியைத் தொட்ட ஊர் இது. இங்கே தொட்டியின் உண்மையான பருவம் சித்திரை, வைகாசி. அப்போது பிரச்சினை தலைகீழ். மதியம் இரண்டு மணிக்கு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் நீரில் கை வைக்க முடியாது. விடியற்காலையில் குளிர்ந்த நீரைப் பிடித்து நிழலான குளியலறையில் நிறுத்திவிட்டு, மாலை அலுவலகம் முடிந்து வந்ததும் இறங்குவதே கத்திரி வெயிலுக்கு ஏற்ற வழி. ஒரு நாளுக்கு மேல் மட்டும் நிறுத்தக் கூடாது. தேங்கிய சுத்தமான நீர் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம்.

மேல்மாடிவாசிகள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசி இரண்டு தளங்களில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் நீருக்கு வேகம் குறைவு. நிமிடத்துக்கு 12 லிட்டர் வரும் குழாயில் தொட்டி நிறையப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும், ஐந்து லிட்டர் மட்டும் வந்தால் அரை மணி நேரம். வாங்குவதற்கு முன் குளியலறைக் குழாயின் கீழ் பக்கெட்டை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

ஜெட் வைத்த ஜகுஸி தொட்டி வேண்டுமா? கலிஃபோர்னியாவில் குடியேறிய இத்தாலியக் குடும்பத்தின் பெயர் அது. மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட மகன் கென்னத்துக்காகக் கண்டிடோ ஜகுஸி குளியல் தொட்டிக்குள் இறக்கிவைக்கும் ஒரு பம்ப்பைச் செய்தார். 1956ல் அது விற்பனைக்கு வந்தது. 1968ல் அதே குடும்பத்தின் ராய் ஜகுஸி ஜெட்டுகளைத் தொட்டிச் சுவரிலேயே பதித்தார். ஒரு குழந்தையின் வலியைத் தணிக்கப் பிறந்த நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் ஓஎம்ஆரின் போர்வெல் தண்ணீருக்கு அது ஒத்துவராது. கேளம்பாக்கம், கோவளம் பக்கம் உப்பளம் இருந்த மண் இது. குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பு. ஷவர் துளையை அடைக்கும் அதே சுண்ணாம்புப் படிவு, கை நுழையாத ஜெட் குழாய்களுக்குள்ளும் படியும். உள்ளே தங்கும் நீரில் கிருமி வளரும். போதாக்குறைக்கு, ஜெட் மூழ்கும் வரை நிரப்பினால்தான் பம்ப்பையே ஓட்டலாம், தண்ணீரைக் குறைக்கவும் வழியில்லை. நீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் வைத்த குடியிருப்பு தவிர மற்ற இடங்களில் சாதாரணத் தொட்டியே உத்தமம்.

தளம் தாங்குமா?

150 லிட்டர் நீர் 150 கிலோ. ஆள் 65. அக்ரிலிக் தொட்டி 30, 40. கூட்டினால் ஏறக்குறைய 250 கிலோ, நிற்பது ஒன்றேகால் சதுர மீட்டரில். குடியிருப்புக் குளியலறைத் தளத்துக்கு இந்தியத் தரம் 875ன் இரண்டாம் பகுதி வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், சுமார் 200 கிலோ. அக்ரிலிக் தொட்டி அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது. சுமை மொத்தத் தளத்துக்கும் பரவுவதால் நல்ல கட்டடத்தில் பெரும்பாலும் பிரச்சினை வராது. ஆனால் எனாமல் பூசிய வார்ப்பிரும்புத் தொட்டி வெறுமையாகவே 130 கிலோவைக்கூடத் தாண்டலாம். கல் தூளும் பிசினும் கலந்து வார்த்த தொட்டிகளும் கனமானவை. இவற்றை மாடி வீட்டில் வைக்கும் முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்ட வேண்டும். பழைய கட்டடங்களில் தளத்தை ஓரடி இறக்கி, உடைந்த செங்கல் ஜல்லியைக் கொட்டி நிரப்பியிருப்பார்கள். அந்த ஜல்லியின் எடையும், வருடக்கணக்கில் அது குடித்திருக்கும் தண்ணீரின் எடையும் ஏற்கெனவே தளத்தின் தலையில் இருக்கிறது. எப்படியும் உடைக்கப் போவதால் அதை அள்ளிவிட்டு எடை குறைந்த நிரப்பியைப் போடுவது நல்லது.

புதிய கோபுரங்களில் வேறொரு எச்சரிக்கை. அலுமினிய அச்சு கொண்டு வார்த்த கட்டடங்களில் குளியலறைச் சுவரும் செங்கல் அல்ல, கம்பி கட்டிய கான்கிரீட். கட்டடத்தின் பாரத்தைச் சுமப்பதே அந்தச் சுவர்தான். குழாய் புதைக்க அதில் காடி வெட்டக் கூடாது. குழாயைச் சுவருக்கு வெளியே கொண்டுவந்து மேடைக்குள் மறைக்க வேண்டும். அசோசியேஷன் அனுமதிக் கடிதம் கேட்பது இதற்காகத்தான்.

தொட்டியைப் பொருத்தும் அன்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய காரியங்கள் சில உண்டு. டைல்ஸ் ஒட்டும் முன், வாட்டர்ப்ரூஃபிங் பூசி, தரையில் தண்ணீர் கட்டி இரண்டு நாளாவது விட வேண்டும். கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லி அவர் கூரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைக் கட்டியவர்கள் நெருக்கி அடுக்கிய செங்கலுக்குப் பின்னால் நிலக்கீல் பூசித் தண்ணீரைத் தடுத்தார்கள். 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள குளத்துக்கு அவர்கள் காட்டிய கவனத்தில் பாதி நம் குளியலறைக்குக் கிடைத்தாலே கீழ்வீட்டோடு சண்டை வராது.

அதைவிட நுணுக்கமான ஒன்று சிலிகான் பூச்சு. அக்ரிலிக் தொட்டி வெறுமையாக இருக்கும்போது ஓர் உயரத்தில் நிற்கும், 150 கிலோ தண்ணீர் ஏறியதும் இம்மியளவு கீழே அமரும். காலித் தொட்டியைச் சுவரோடு ஒட்டிச் சிலிகான் போட்டுவிட்டால், முதல் குளியலிலேயே அந்தக் கோடு இழுபட்டு வாய் பிளக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிளவு வழியாகத்தான் ஆறு மாதம் கழித்துச் சுவர் ஊறுகிறது. தெரிந்த பிளம்பர் முதலில் தொட்டியை நீரால் நிரப்பி, அது அமர்ந்த நிலையில் சிலிகானை இழுத்து, காயும் வரை நீரை வடிக்காமல் விடுவார். வடித்ததும் தொட்டி மேலே எழும்ப, பூச்சு நெருங்கி இறுகும். “எதுக்கு சார் தண்ணியை வேஸ்ட் பண்ணணும்” என்று கேட்கிற பிளம்பரை மாற்றிவிடலாம். அதேபோல் வடிகால் இணைப்பு இருக்கும் பக்கத்தில் திறந்து மூடும் சிறு கதவு விடாமல் நாலாபுறமும் டைல்ஸால் மூடினால், நாளை ஒரு வாஷர் மாற்ற மேடையையே உடைக்க வேண்டும்.

தொட்டியின் தரத்தைக் கையாலேயே அறியலாம். நல்ல அக்ரிலிக் தொட்டி என்பது சூடாக்கி உறிஞ்சி வார்த்த அக்ரிலிக் தகடு, பின்னால் கண்ணாடியிழையால் வலுவூட்டியது. கவிழ்த்துப் பார்த்தால் பின்பக்கப் பூச்சின் தடிமன் தெரியும். நடு அடியைக் கட்டைவிரலால் அழுத்தும்போது டப்பா போல் உள்வாங்கினால் வேண்டாம். அக்ரிலிக்குக்கு நம் ஊரில் இன்னொரு நன்மை: அது நீரின் சூட்டை எளிதில் விடாது. வார்ப்பிரும்பு முதலில் தன்னைச் சூடேற்றிக்கொண்டுதான் நீரைச் சூடாக வைக்கும்.

பயமும் பாதுகாப்பும்

சிவகாசி அருகே மீனம்பட்டியில் பிறந்து இந்தியத் திரையுலகை ஆண்ட நடிகை ஸ்ரீதேவி, 2018 பிப்ரவரி 24 அன்று துபாய் ஹோட்டல் ஒன்றின் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தார். தொட்டி என்றதும் தமிழ் வீடுகளில் இன்றும் எழும் முதல் தயக்கம் அதுவே. அந்தத் தயக்கம் அர்த்தமற்றதல்ல. தொட்டிக் குளியலில் ஊறிய ஜப்பானிலேயே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான முதியவர்கள் குளியலின்போது இறக்கிறார்கள். நீரின் சூடு 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடத்துக்கு மேல் கிடக்க வேண்டாம், சட்டென்று எழ வேண்டாம் என்று அந்நாட்டு நுகர்வோர் அமைப்பு திரும்பத் திரும்பச் சொல்கிறது. சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும், எழும்போது தலை சுற்றும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வயிறு நிறைய உண்டவர்கள், மது அருந்தியவர்கள் வெந்நீர்த் தொட்டியைத் தவிர்க்க வேண்டும். கைக்குழந்தை ஓரிரு அங்குல நீரில்கூட மூழ்கும். அழைப்பு மணிக்குக் கதவைத் திறக்கப் போகும் அரை நிமிடம்கூடக் குழந்தையைத் தனியே விடக் கூடாது.

பிடிகம்பி கட்டாயம். அது துண்டு மாட்டும் கம்பி அல்ல, ஆள் எடையைத் தாங்கும் கம்பி. ஏஏசி பிளாக் சுவரில் சாதாரண ஸ்க்ரூ பிடிக்காது, அதற்கென்று உள்ள ஆங்கரைப் போட வேண்டும். 38 டிகிரியில் பூட்டு விழும் தெர்மோஸ்டாட் மிக்ஸர் வைத்தால், சிறுவன் குழாயைத் திருகிச் சுட்டுக்கொள்ளும் பயம் இல்லை. தொட்டியின் விளிம்பிலிருந்து இரண்டடிக்குள் ஸ்விட்ச், பிளக் எதுவும் இருக்கக் கூடாது. கீசர் லைனுக்கு, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டச் சொல்ல வேண்டும்.

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் தரையோடு தனி வீடு வைத்திருப்பவர்களுக்கு ஷோரூம் பக்கமே போகாத வழியும் உண்டு. கொத்தனாரை வைத்துக் கட்டும் தொட்டி. மூன்றரை அடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம். கன அடிக்கு 28 லிட்டர் என்று வைத்தால் ஓரடி உயர நீருக்கு 200 லிட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆள் உட்கார்ந்தால் ஊற்ற வேண்டியது 140க்குள். முதுகுப் பக்கச் சுவரைச் செங்குத்தாக விடாமல் நாலு விரல் சாய்த்துக் கட்டச் சொல்ல வேண்டும், மூலைகளை உருட்டிவிட வேண்டும். வடிகால் நீரை வாழைக்கும் தென்னைக்கும் திருப்பிவிடலாம். ஆழம் குறைவு என்றாலும், பழைய பம்ப்செட் தொட்டி வீட்டுக்குள் வந்தது போலத்தான். அடுக்குமாடியில் அந்த நீர் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், ஃபிளஷ் டேங்குக்கும் புல்தரைக்கும் திரும்பி வரும்.

இத்தனைக்கும் பிறகு மனம் ஊசலாடினால், டைல்ஸில் சுத்தியல் படுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்கு மடக்கி வைக்கும் பிவிசி தொட்டி கிடைக்கிறது. அதை வாங்கி, இருக்கிற குளியலறையில் விரித்து, மூன்று மாதம் புழங்கிப் பார்க்கலாம். எவ்வளவு நீர் பிடிக்கிறது, கீசர் எத்தனை தடவை காய்கிறது, யார் உண்மையில் இறங்குகிறார்கள், வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று எல்லாம் தெரிந்துவிடும். அதன் பிறகும் சனிக்கிழமைதோறும் அது நிரம்பினால், மேஸ்திரிக்குப் போன் போட்டு உள் நீளம் எவ்வளவு வேண்டும் என்று சென்டிமீட்டரில் சொல்லலாம். பால்கனி மூலையில் மடங்கிக் கிடந்தால், அந்தப் பட்ஜெட்டில் நல்ல தெர்மோஸ்டாட் மிக்ஸர், அகலமான ஹேண்ட் ஷவர், உறுதியான இரண்டு பிடிகம்பிகள், உட்கார்ந்து குளிக்க ஒரு கடப்பா கல் மேடை எல்லாம் வாங்கிய பிறகும் கையில் மிச்சம் இருக்கும்.